கரைதட்டிய பிஷப்

(குளச்சலில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், செஸ் பலகையோடு வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நம் மேற்குக் கரையில் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். தடைக்காலம். படகை விலைக்குக் கேட்டால் உரிமையாளர் ஒரு ரூபாய்கூடக் குறைக்க மாட்டார். ஆனால் அன்றைக்கு அந்தப் படகால் நாலு நெத்திலி கரைக்கு வருமா? செஸ் புரோகிராம் எழுதியவர்களுக்கும் இதே தலைவலிதான். சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் பிஷப்புக்கும் 3, யானைக்கு 5, ராணிக்கு 9 என்று விலை போட்டாயிற்று. அசைய முடியாத யானைக்கும் அதே 5-ஆ?

ஆகவே ஒவ்வொரு காயும் போகக்கூடிய கட்டங்களை எண்ண வைத்தார்கள். நடுப்பலகையில் குதிரைக்கு 8 கட்டம், மூலையில் 2. எண்ணிக்கை குறைந்தால் மதிப்பில் கொஞ்சம் கழிவு. எதிரிச் சிப்பாய் அடிக்கும் கட்டத்தைப் பல புரோகிராம்கள் சேர்க்கவே இல்லை. போனால் வெட்டுப்படும் இடத்தை வழி என்று எப்படிச் சொல்வது?

சரி, தடைக்காலம் முடிந்தால் படகு கடலுக்குப் போய்விடும். முகத்துவார மணலில் தரைதட்டிய படகு? அதுதான் சிக்கிய காய். 1972, ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக், உலகப் பட்டத்துக்கான முதல் ஆட்டம். அமெரிக்கரான ஃபிஷர் 29-ஆவது நகர்த்தலில் பிஷப்பை அனுப்பி, பலகை ஓரத்து எச்2 கட்டத்தில் இருந்த சிப்பாயை வெட்டினார். அப்போதைய உலக சாம்பியன் ஸ்பாஸ்கி பக்கத்து ஜி வரிசைச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். பிஷப் திரும்பும் கதவு சாத்தியாயிற்று. ஸ்பாஸ்கியின் ராஜா நிதானமாக நடந்து வந்தார். ஃபிஷருக்கு இரண்டு சிப்பாய்க்கு ஒரு பிஷப் போயிற்று, கடைசியில் ஆட்டமும் போயிற்று. (அதற்கு அப்புறமும் டிரா செய்திருக்கலாம் என்று ஆராய்ந்தவர்கள் உண்டு. அது வேறு கதை.)

பழைய புரோகிராம்களும் இதே பள்ளத்தில் விழும். ஆறு நகர்த்தல் வரைதான் பார்க்கும் என்று வையுங்கள். பிஷப் பிடிபடுவது எட்டாவதில். அதன் கண்ணுக்கு ஒரு சிப்பாய் லாபம் மட்டுமே தெரியும். அதனால் கையாலேயே விதி எழுதினார்கள்: வெள்ளை பிஷப் ஏ7-இல், கறுப்புச் சிப்பாய் பி6-இல் என்றால் மதிப்பில் பெரிய கழிவு. கழிவு குறைந்தால் புரோகிராம் பேராசைப்படும். கூடினால், தப்ப வழி இருக்கும்போதும் ஏ7-இல் நிற்கும் சிப்பாயைத் தொடாது. இந்த அளவைச் சரிசெய்யவே எத்தனையோ ஆட்டங்கள் ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

எனக்குப் பிடித்தது ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் புரோகிராம் யானைக்கு வைத்திருந்த விதி. யானைக்கு மூன்று கட்டமோ அதற்கும் குறைவோதான் இருக்கிறது, சொந்த ராஜாவே வழியை மறித்து நிற்கிறார் என்றால் தண்டனை. காஸ்லிங் (ராஜாவும் யானையும் ஒரே நகர்த்தலில் இடம் மாறுவது) உரிமையும் போயிருந்தால் இரண்டு மடங்கு! அடைத்தது வீட்டு ஆளே என்பதைக்கூட அது கவனித்தது.

2020-இல் ஸ்டாக்ஃபிஷுக்குள், மதிப்பிடத் தானே பழகிக்கொள்ளும் நரம்பு வலைப்பின்னல் வந்தது. 2024-இல் வெளிவந்த பதிப்பில் கையால் எழுதிய மதிப்பீடு முழுக்க நீங்கியது. இன்று அந்த வலையைத் திறந்து பார்த்தால் ‘சிக்கிய பிஷப்’ என்று ஒரு வரியும் கிடைக்காது, எண்கள்தான் இருக்கும். ஆனால் ஏ7-இல் வெள்ளை பிஷப்பையும் பி6-இல் கறுப்புச் சிப்பாயையும் வைத்துப் பாருங்கள், மதிப்பு இறங்கும். பலகையை எடுங்கள் பிள்ளைகளே, இப்போதே வைத்துப் பார்த்துவிடுவோம்.