கூகுள் ஃபார்ம் மட்டும் போதுமா? கடலூர் கடற்கரையை வெச்சு ஒரு விளக்கம்

(திரையில்: கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகம், விடியற்காலை ஏலம்)

வணக்கம். பிராஜெக்ட் சீசன் வந்தாச்சு. "டேட்டா கலெக்‌ஷன் எப்படிப் பண்றது?"ன்னு கேட்டு நிறைய மெசேஜ் வருது. கேட்கிறவங்கள்ல முக்கால்வாசிப் பேர் ஏற்கெனவே கூகுள் ஃபார்ம் ரெடி பண்ணிட்டுத்தான் கேட்கிறாங்க. அந்த ஃபார்மை கொஞ்ச நேரம் மூடி வெச்சுட்டு வாங்க.

ஒரு தலைப்பை எடுத்துக்குவோம். வருஷா வருஷம் ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள், நம்ம கடற்கரையில விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. அந்த ரெண்டு மாசத்தை மீனவக் குடும்பங்க எப்படிச் சமாளிக்குது? கடன் எவ்வளவு, யார்கிட்ட வாங்குறாங்க, எப்படி அடைக்கிறாங்க? இதுதான் நம்ம ஆய்வுன்னு வெச்சுக்கலாம்.

முதல்ல எல்லார் கையும் போறது கேள்வித்தாளுக்கு. அதுல தப்பில்ல. ஒரே கேள்வியை தேவனாம்பட்டினம், தாழங்குடான்னு ரெண்டு மீனவ ஊர்லயும் நூறு நூறு வீட்டுல கேட்டா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கலாம். எத்தனை வீட்டுல அடகு இருக்கு, எத்தனை வீட்டுல இல்லைன்னு எண்ணிக்கை கிடைக்கும். வேற எந்த முறையும் இதை இவ்வளவு சுலபமா தராது.

ஆனா கேட்கிற விதம் மாறினா பதிலும் மாறும். "உங்க வீட்டுல மொத்தக் கடன் எவ்வளவு?"ன்னு ஒரே கேள்வியில முடிச்சா தொகை குறைச்சலாத்தான் வரும். நகை அடகு எவ்வளவு, மகளிர் குழு லோன் எவ்வளவு, தினமும் வந்து வசூல் பண்ற தண்டல் கடன் எவ்வளவு, மீன் வாங்குற ஏலக்காரர்கிட்ட வாங்கின அட்வான்ஸ் எவ்வளவு, சொந்தக்காரங்ககிட்ட கைமாத்து எவ்வளவுன்னு ஒவ்வொண்ணா கேளுங்க. முதல்ல "ஒண்ணும் இல்லப்பா"ன்னு சொன்னவங்களே விரல் விட்டு எண்ண ஆரம்பிப்பாங்க.

எத்தனை நாள் கணக்கைக் கேட்கிறோம்ங்கிறதும் முக்கியம். இது சின்ன விஷயம் இல்ல, நாட்டோட வறுமைக் கணக்கையே குழப்பின விஷயம். தேசிய மாதிரி ஆய்வோட 55-வது சுற்று, 1999–2000. அதுக்கு முன்னாடி பெரிய சுற்றுகள்ல சாப்பாட்டுச் செலவை கடந்த 30 நாளுக்குத்தான் கேட்பாங்க. இந்தத் தடவை அதே வீட்டுல, அதே தாள்ல, 7 நாளுக்கும் கேட்டாங்க, 30 நாளுக்கும் கேட்டாங்க. 7 நாள் பதில் 30 நாள் பதிலையும் மேல இழுத்துடுச்சுன்னு பொருளாதார அறிஞர்கள் வாதாடினாங்க. வறுமை நிஜமாவே குறைஞ்சுதா, இல்ல தாள் மாறினதால குறைஞ்ச மாதிரி தெரியுதான்னு வருஷக்கணக்கா சண்டை. மத்திய அரசு நடத்துற சர்வேக்கே அந்த நிலைமைன்னா, நம்ம ஃபார்ம்ல "கடந்த காலத்தில் உங்கள் செலவு"ன்னு பொத்தாம்பொதுவா எழுதி வெச்சா என்ன ஆகும்?

கடலூர்ல இன்னொரு சிக்கல் இருக்கு. 2004 சுனாமி, 2011 தானே புயல் ரெண்டையும் பார்த்த ஊர் இது. நோட்டும் பேனாவுமா யாராவது வந்தா நிவாரணக் கணக்குன்னுதான் முதல்ல தோணும். "இது எந்த ஸ்கீமுக்கும்மா?"ன்னு கேட்டுட்டுத்தான் திண்ணையில உட்காரச் சொல்வாங்க. ஸ்கீம்னு நினைச்சா வருமானம் குறையும், நஷ்டம் கூடும். அவங்க பொய் சொல்றாங்கன்னு எழுதாதீங்க. நாம யாருன்னு அவங்களுக்குப் புரிய வைக்கலைன்னு அர்த்தம்.

இங்கதான் நேர்காணல் வேணும். ஒரு வீட்டுல ஒரு மணி நேரம் உட்கார்ந்தா, எந்தக் கடனை முதல்ல அடைப்பாங்க, எதைத் தள்ளிப் போடுவாங்க, ஏன் ஏலக்காரரைப் பகைச்சுக்க முடியாதுன்னு காரணம் வெளிய வரும். கேள்வித்தாள்ல அதுக்குக் கட்டமே இருக்காது. ஆனா இருபது பேர்கிட்ட பேசிட்டு "கடலூர் மீனவர்களில் 60 சதவீதம்"னு எழுதறதை நிறுத்துங்க. இருபது பேர்ல பன்னிரண்டு பேர், அவ்வளவுதான். வேலையையும் குறைச்சு மதிப்பிடாதீங்க. ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க அதைவிடப் பல மடங்கு நேரம் ஆகும். அதுவும் பின்னாடி பைக் சத்தம், குழந்தை அழுகை எல்லாம் இருக்கிற ரெக்கார்டிங்.

குழு விவாதத்தைப் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். நேரம் மிச்சமாகும், ஒருத்தர் மறந்ததை இன்னொருத்தர் எடுத்துக் கொடுப்பார். ஆனா ஊர் நாட்டார், அதாவது மீனவ ஊர்த் தலைவர் முன்னாடி, மீனவர்களுக்குள்ளயே சர்ச்சையா இருக்கிற சுருக்குமடி வலையைப் பத்திக் கேட்டுப் பாருங்க. ஊரோட முடிவு என்னவோ அதுதான் எல்லார் வாயிலயும் வரும். மீன் விக்கிற பெண்களைத் தனியா உட்கார வெச்சுப் பேசுங்க. சொந்தக் கடனை எந்தக் குழுவுலயும் கேட்காதீங்க.

சரி, சொல்றது ஒண்ணு, செய்யறது ஒண்ணா இருந்தா? ரிச்சர்ட் லாபியர்னு ஒரு அமெரிக்க சமூகவியலாளர். 1930-களோட தொடக்கத்துல ஒரு சீனத் தம்பதியோட கார்ல ஊர் ஊரா சுத்தினார். சீனர்கள் மேல வெறுப்பு இருந்த காலம். 251 ஹோட்டல், சாப்பாட்டுக் கடை. இடமில்லைன்னு சொன்னது ஒரே ஒரு இடம். மாசக்கணக்குல கழிச்சு அதே இடங்களுக்கு "சீனர்களை அனுமதிப்பீர்களா?"ன்னு கடுதாசி போட்டார். பதில் வந்தது 128. அதுல 90 சதவீதத்துக்கு மேல "மாட்டோம்". 1934-ல வெளிவந்த ஆய்வு இது. கடுதாசிக்குப் பதில் எழுதினவரும் அன்னிக்குக் கவுன்டர்ல நின்னவரும் ஒரே ஆள்தானான்னு கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனாலும், கேட்டு வாங்கின பதிலை நடத்தைன்னு எடுத்துக்காதீங்கன்னு சொல்ல இந்த ஆய்வைத்தான் நான் முதல்ல காட்டுவேன்.

அதனால துறைமுகத்துல போய் நில்லுங்க. ஏலத்துல யார் விலையைச் சொல்றாங்க, யாருக்குப் பணம் கையில போகுது, யாருக்குப் பணம் கொடுக்காம பழைய அட்வான்ஸுக்கு நோட்டுல வரவு வைக்கிறாங்கன்னு பாருங்க. அந்த நோட்டுதான் உங்க தலைப்பே! ஆனா பார்க்க முடிஞ்சது அந்த ஒரு காலை நேரம் மட்டும்தான். வீட்டுக்குள்ள நகை எப்போ அடகுக்குப் போச்சுன்னு ஏலக்கூடத்துல தெரியாது. நீங்க எழுத நோட்டு எடுத்தா எல்லாரும் உஷாராயிடுவாங்க. நாலு நாள் சும்மா போய் டீ குடிச்சுட்டு வந்தா கொஞ்சம் பழகும்.

ஏற்கெனவே இருக்கிற தரவு? காசு மிச்சம், காலும் மிச்சம். ஆனா மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருவாய்க் கிராமம், வார்டுன்னு பிரிச்சு எண்ணும். மீனவக் குப்பம் தனியாத் தெரியாது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2005, 2010, 2016-ல எடுத்த கணக்கெடுப்பு குப்பவாரியா இருக்கும். ஆனா வருஷத்தைப் பார்த்து எடுங்க. 2016 எண்ணிக்கையை இன்னிக்கு நிலவரம்னு போடாதீங்க.

எல்லாத்தையும் கலந்து செய்றவங்களும் நம்ம பக்கத்துலயே இருக்காங்க. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவன ஆராய்ச்சியாளர்கள் 2010-ல கடலூர், விழுப்புரம் பக்கத்துக் கிராமங்கள்ல 405 குடும்பத்துக்கிட்ட வேலை, கடன் பத்தி சர்வே எடுத்தாங்க. 2016–17-ல அந்தக் குடும்பங்களைத் திரும்பத் தேடிப் போனாங்க. பாதியிலயே நவம்பர் 8, பணமதிப்பிழப்பு! முன்னாடி எடுத்த பேட்டி ஒரு கட்டு, பின்னாடி எடுத்தது ஒரு கட்டு. யாரும் திட்டம் போடாத ஒப்பீடு. ஆனா ரெண்டு கட்டுலயும் ஒரே மாதிரி குடும்பங்கதான் இருக்கான்னு பார்த்துட்டுத்தான் பேசணும்.

நம்ம தலைப்புக்கு என் வரிசை இது: முதல்ல துறைமுகம், அப்புறம் ஆறேழு நேர்காணல், அதுல கிடைச்ச கடன் வகைகளை வெச்சுக் கேள்வித்தாள், பத்து வீட்டுல சோதனை, கடைசியா முழு சர்வே. எப்போ போறதுன்னும் யோசிங்க. தடைக்காலத்துல போனா ஆண்கள் வீட்டுல இருப்பாங்க, பொறுமையாப் பேசுவாங்க. ஆனா வருமானம் கேட்டா அந்த ரெண்டு மாசக் கஷ்டம்தான் வருஷம் முழுக்க இருந்த மாதிரி வரும். தை, மாசியில ஒரு தடவை, மே மாசத்துல ஒரு தடவை அதே வீட்டுக்குப் போங்க. ரெண்டு தடவை போக கைடு ஒத்துக்கலைன்னா வீட்டு எண்ணிக்கையைப் பாதியாக் குறைச்சுக் கேட்டுப் பாருங்க.