ஓநாய் வீட்டுப் பிள்ளைகள்

(தமிழ்மொழி விழாவையொட்டிச் சமூக மன்றம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே, இந்திய நற்பணிச் செயற்குழுவின் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, மண்டபத்தைக் குறைந்த வாடகைக்குப் பெற்றுத் தந்த பொருளாளர் அவர்களே, எனக்குத் தமிழ் எழுத்தை அறிமுகம் செய்த என் ஆசிரியர் ஐயா அவர்களே (இந்த வயதிலும் டாக்சி வேண்டாம் என்று எம்ஆர்டி ரயிலில் வந்திருக்கிறார், ஒரு கைதட்டல் கொடுங்கள்), தாய்மார்களே, கடைசி வரிசையில் கைப்பேசியோடு இருக்கும் தம்பிமார்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

சிங்கப்பூரில் ஓநாய் ஏது, அதைப் பற்றி என்ன பேச்சு என்று ஒருவர் வாசலிலேயே என்னைக் கேட்டுவிட்டார். சிங்கமே இல்லாத தீவுக்குச் சிங்கத்தின் பெயரை வைத்துக்கொண்டு வாழ்கிறோம். ஓநாய்க்கு அரைமணி நேரம் ஒதுக்கினால் குறைந்துவிட மாட்டோம்.

எனக்கு முன்னால் தொடக்கநிலை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நடித்த நாடகத்தைப் பார்த்தீர்கள். ஓநாயாக வந்த சிறுவன் பிரமாதமாக ஊளையிட்டான். ஆனால் வழக்கம்போல அவன்தான் கெட்டவன், கடைசியில் அடி வாங்கியவனும் அவன்தான். 'ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்' என்று நம் முன்னோர் சொல்லிவைத்தார்கள். அன்று முதல் அந்த விலங்குக்கு விடிவே இல்லை. நான்கு செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். ஓநாயின் உடல்மொழி, அதன் குடும்பம், உலகப் பண்பாடுகளில் அதற்குள்ள இடம், நம் இலக்கியத்தில் அதன் இனத்து விலங்குகள்.

முதலில் உடல்மொழி. வாலை உயர்த்தி, காதுகளை விறைத்து, உடலை நிமிர்த்தி நிற்கும் ஓநாய் தன் மூப்பைக் காட்டுகிறது. காதுகளைப் பின்னால் மடித்து, வாலைத் தாழ்த்தி, குனிந்து வந்து பெரியதின் வாயோரத்தை நக்கும் ஓநாய் பணிவைக் காட்டுகிறது. அப்படி நக்குவதைக் கவனியுங்கள். குட்டிப் பருவத்தில் தாயும் தகப்பனும் வேட்டையிலிருந்து திரும்பும்போது குட்டிகள் வாயோரம் முட்டி நக்கும். உடனே பெரியவை விழுங்கி வந்த இறைச்சியைக் கக்கி ஊட்டும். பசித்த பிள்ளை சோறு கேட்ட சைகைதான், வளர்ந்த பிறகு பெரியவர்களுக்குச் சொல்லும் வணக்கமாகிறது. இதில் அடிமைத்தனம் எங்கே இருக்கிறது?

ஆனால் உலகம் அதை அப்படிப் படிக்கவில்லை. ருடோல்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர் சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குத் தோட்டத்தில் அடைபட்டிருந்த ஓநாய்களைப் பார்த்து 1947-இல் ஒரு கட்டுரை எழுதினார். குறுகிய அடைப்புக்குள் எந்நேரமும் போட்டி, அடித்து மேலே வந்தது தலைவன் என்ற கருத்து அங்கிருந்து பரவியது. அந்தத் தலைவனுக்கு வைத்த 'ஆல்ஃபா' என்ற பட்டம் ஊரெல்லாம் பிரபலமாயிற்று.

இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும். செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார், பரவாயில்லை. நான் ஒரு கப்பல் பட்டறையில் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். ஒருநாள் மேலாளர்களுக்கெல்லாம் தலைமைத்துவப் பயிற்சி என்று ஒருவரை வரவழைத்தார்கள். பெரிய திரையில் ஓநாய்ப் படம். "கண்ணிமைக்காமல் பாருங்கள், நெஞ்சை நிமிர்த்துங்கள், முதலில் பேசாதீர்கள், நீங்கள்தான் ஆல்ஃபா" என்று பாடம் நடந்தது. மறுநாள் காலை எங்கள் மேலாளர் வந்தார். தினமும் "சாப்பிட்டாயா" என்று கேட்கும் நல்ல மனிதர். அன்று நெஞ்சை முன்தள்ளிக்கொண்டு உணவகத்தில் நுழைந்து, ஒவ்வொருவர் முகத்தையும் இமைக்காமல் முறைத்துக்கொண்டே நடந்தார். நாங்கள் பரோட்டாவைக் கையில் பிடித்தபடி உறைந்துபோனோம். யாருக்கு வேலை போகப்போகிறதோ என்று பயம். ஒரு பஞ்சாபி நண்பர் எழுந்தே நின்றுவிட்டார். கடைசியில் மேலாளர் தேநீர் கடை மக்சிக்கிடம் (வயதான மலாய்ப் பெண்மணியை அப்படித்தான் அழைப்போம்) போய் நின்று, ஒன்றும் பேசாமல் முறைத்தார். அந்த அம்மாவும் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அலமாரியைத் திறந்து கண்ணுக்கு விடும் சொட்டு மருந்தை எடுத்து, "மகனே, தலையைச் சாய்த்துக்கொள்" என்று மலாயில் சொன்னார்! அவரும் சாய்த்துக்கொண்டார்! எங்கள் ஆல்ஃபா இரண்டு கண்ணிலும் மருந்து வழிய, "தெரிமா காசே மக்சிக்" என்று மலாயில் நன்றி சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து "சாப்பிட்டாயா" என்றார். அத்தோடு தலைமைத்துவம் முடிந்தது.

அதே மாதம் "நாம் எல்லோரும் ஒரே குடும்பம்" என்று சுற்றறிக்கை விட்டு மிகைநேர ஊதியத்தைக் குறைத்தார்கள். ஆடு நனைகிறதே என்று அழுதது யார் என்று இப்போது சொல்லுங்கள். ஓநாய் அப்படிச் செய்யாது.

டேவிட் மீச் என்ற அமெரிக்க அறிஞர் 1970-இல் எழுதிய ஓநாய் நூலும் இந்த ஆல்ஃபா கருத்தைப் பரப்பியது. பிறகு அவரே கனடாவின் எல்ஸ்மியர் தீவில் பல கோடைகள் காட்டு ஓநாய்களோடு இருந்து பார்த்தார். சண்டையிட்டு வென்ற தலைவன் அங்கே இல்லை. ஒரு தாய், ஒரு தகப்பன், அவற்றின் பிள்ளைகள், அவ்வளவுதான். மூத்த பிள்ளைகள் இளையவற்றைப் பார்த்துக்கொள்கின்றன. வளர்ந்ததும் துணை தேடிப் புறப்பட்டுத் தனிக்குடும்பம் அமைக்கின்றன. 1999-இல் இதை எழுதினார். பழைய நூலை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்தாரிடம் பல ஆண்டுகள் கேட்டார். 2022-இல்தான் அது நின்றது. நம் பீஷான் வட்டாரத்து ஆற்றோரம் நீர்நாய்க் குடும்பத்தைப் பார்த்துப் படமெடுத்து மகிழ்கிறோம் அல்லவா? ஓநாய்க் கூட்டமும் அதுபோன்ற குடும்பம்தான்.

குடும்பம் என்றதும் நான் எங்கே போகிறேன் என்று ஆசிரியர் ஐயாவுக்குப் புரிந்துவிட்டது, சிரிக்கிறார்.

2013-இல் ஆஸ்திரியாவில் ஓர் ஆய்வு. கூட்டத்திலிருந்து ஓர் ஓநாயை மட்டும் நடக்க அழைத்துப்போனார்கள். மற்றவை ஊளையிட்டன. தமக்கு நெருக்கமான ஓநாய் போனபோது அதிகம் ஊளையிட்டன. வெறும் பதற்றத்தால் அல்ல என்பதை பதற்றத்தில் சுரக்கும் ஹார்மோனை உமிழ்நீரில் அளந்தும் பார்த்தார்கள். அன்பானவர்களைத் தம் குரலால் அழைக்கிறது ஒரு காட்டு விலங்கு. நம் வீட்டில் பேரனை எந்த மொழியில் அழைக்கிறோம்?

கணக்கைக் கேளுங்கள். வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்ன சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு. 2020-இல் 2.5 விழுக்காடு. நாணயத்தில் தமிழ் இருக்கிறது, எம்ஆர்டி நிலையத்தில் தமிழ் இருக்கிறது, சாப்பாட்டு மேசையில் இல்லை. ஏப்ரல் முழுக்க மேடையேறித் தமிழ் நனைகிறதே என்று அழுகிறோம். அழுதுவிட்டுக் காரில் ஏறியதும் பிள்ளையிடம் "சீட் பெல்ட்டைப் போடு" என்பதைக்கூட ஆங்கிலத்தில் சொல்கிறோம். நம்மைத்தான் அந்தப் பழமொழி பிடிக்கிறது, ஓநாயை அல்ல.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது சோறு போடும் மொழி. ஆனால் பள்ளியில் வாரத்திற்குச் சில மணி நேரம் ஆசிரியர் கற்பிப்பதை வைத்துக்கொண்டு வீடு கைகழுவிவிட முடியாது. ஓநாய்க்குட்டி வளைக்கு வெளியே நின்று பெரியவை ஊளையிடும்போது கூடவே குரல் கொடுத்துப் பழகுகிறது. அதற்குத் துணைப்பாட வகுப்பு இல்லை.

பண்பாடு பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். ரோமாபுரியை நிறுவிய இரட்டையருக்குப் பாலூட்டியது ஓநாய் என்பது கதை; மங்கோலியர் தம் முன்னோரில் ஓர் ஓநாயைச் சேர்த்துக்கொண்டார்கள்; ஜப்பானில் மிட்சுமினே கோயில் அதைக் காவலாகக் கொண்டாடுகிறது. அந்த நாட்டிலேயே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓநாய் அற்றுப்போயிற்று என்பதை விரிவாகப் பேசலாம். செயலாளர் எழுந்து நின்றுவிட்டார். நான்காவது செய்தியை ஆசிரியர் ஐயா அடுத்த ஆண்டு பேசுவார்.

ஒன்றே ஒன்று கேட்டு அமர்கிறேன். சனிக்கிழமை மாலைகளில் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே தாத்தா பாட்டிகள் பிள்ளைகளுக்குத் தமிழில் கதை சொல்லும் திட்டம் ஒன்றை நாங்கள் சிலர் தொடங்குகிறோம். பாடநூல் கிடையாது, தேர்வு கிடையாது, மதிப்பெண் கிடையாது. கதை சொல்லப் பாட்டிகள் கிடைத்துவிட்டார்கள். தாத்தாக்கள்தான் வெட்கப்படுகிறார்கள். வாசல் மேசையில் படிவம் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. வடையும் தேநீரும் அதற்கு அடுத்த மேசையில்தான், படிவத்தைத் தாண்டாமல் அங்கே போக முடியாதபடி வைத்திருக்கிறோம். சிறப்பு விருந்தினருக்கும் விலக்கு இல்லை. வணக்கம்.