அந்த வில்லை எதற்காக வைத்திருந்தேன்

வணக்கம் நேயர்களே. எனக்கு 12 நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். பேசப்போவது வீடியோ கேம் பற்றி, ஆனால் பயப்பட வேண்டாம், படம் போட்டு விளக்க வேண்டிய எதையும் தொடப்போவதில்லை. ஒரு பை, ஒரு பெட்டி, இந்த இரண்டை மனதில் வைத்துக்கொண்டால் போதும். வீட்டில் எதையும் தூக்கிப்போட மனசு வராமல் ‘என்றைக்காவது உதவும்’ என்று பரண்மேல் ஏற்றி வைக்கிற ஆளா நீங்கள்? அப்படியென்றால் கேமே ஆடாதவராக இருந்தாலும் நான் சொல்வது உங்களுக்குப் புரிந்துவிடும்.

ஆக்‌ஷன் ஆர்பிஜி என்று ஒரு வகை கேம் உண்டு. டயப்ளோ என்ற பெயரை நிறையப் பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள், அந்த வகை. மவுஸைச் சொடுக்கிச் சொடுக்கி அரக்கர்களை அடிக்கவேண்டும், அவர்கள் சாகும்போது வாள், கவசம், மோதிரம் என்று சாமான்கள் தரையில் சிதறும், அதில் நல்லதை மாட்டிக்கொண்டு இன்னும் பெரிய அரக்கனைத் தேடிப் போகவேண்டும். அவ்வளவுதான். அந்தச் சாமானுக்குத்தான் லூட் என்று பெயர். கதை ஒரு இடத்தில் முடிந்துவிடும், ஆட்டம் முடியாது. கதைக்கு அப்புறம் வருவதை எண்ட்கேம் என்கிறோம், பலருக்கு உண்மையான ஆட்டமே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

புதிதாக ஆட வருகிறவர்கள் என்னிடம் இரண்டு கேள்வி கேட்பார்கள். பை நிறைந்துகொண்டே இருக்கிறது, எதை எடுப்பது, எதை விடுவது? கதை முடிந்துவிட்டது, இனி என்ன செய்வது? இரண்டும் ஒரே கேள்வி என்று எனக்குப் புரிய பல வருஷம் ஆனது. எங்கே போகிறோம் என்று தெரியாதவனுக்குத்தான் எல்லாச் சாமானும் தேவைப்படும். முதலில் இலக்கு, அப்புறம் பை. இதை இன்றைக்கு நாலைந்து முறை சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பையைக் கொஞ்சம் பார்ப்போம். பாத் ஆஃப் எக்ஸைல் என்று நியூசிலாந்துக்காரர்கள் 2013இல் வெளியிட்ட கேம், என் வாழ்நாளில் கணிசமான பங்கை அதுதான் தின்றது. அதன் முதல் பாகத்தில் பையில் 60 கட்டம் இருக்கும், அகலம் 12, உயரம் 5. மோதிரம் என்றால் ஒரு கட்டம் போதும். மார்புக் கவசம் அகலத்தில் 2, உயரத்தில் 3, ஆக 6 கட்டம். அப்படியானால் 10 கவசம் பிடிக்கும் என்றுதானே கணக்குப் போடுவீர்கள்? நானும் போட்டேன். பிடிக்காது. உயரம் 5தானே, ஒரு கவசத்தின் அடியில் இன்னொன்றுக்கு இடம் கிடையாது, திருப்பிப் படுக்க வைக்கவும் முடியாது. பக்கம் பக்கமாக 6 கவசம், அடியில் இரண்டு வரிசை காலி, அந்தக் காலியில் இன்னொரு மார்புக் கவசம் நுழையாது. ஆறே கவசத்தோடு பை நிறைந்து, மந்திர வாசலைத் திறந்து ஊருக்குத் திரும்பி வந்து விற்றால் வியாபாரி கையில் வைப்பது வெறும் சில்லறை. டார்ச்லைட் என்று 2009இல் ஒரு கேம் வந்தது, அதில் கூடவே ஓடி வருகிற நாயோ பூனையோ உங்கள் சாமானைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய் விற்றுவிட்டுத் திரும்பி வரும். புண்ணியம் செய்த மிருகம். மற்ற கேம்களில் அந்த நடை உங்களுடையது.

ஆக, அளவு முக்கியம். டயப்ளோ இரண்டாம் பாகத்தில் தங்கக் காசுக்கு மதிப்பே இல்லாமல் போனபோது, ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் பணமாக வைத்துக்கொண்டது எதைத் தெரியுமா? ஸ்டோன் ஆஃப் ஜோர்டான் என்ற மோதிரத்தை. நிறையப் பேருக்குத் தேவைப்பட்டது, அடைத்துக்கொள்வதோ ஒரே கட்டம். சின்னதாக இருப்பதைக் குனிந்து எடுங்கள், பெரிதாக இருப்பதை எடுப்பதற்கு முன்னால் யாருக்காக என்று ஒரு தடவை கேளுங்கள்.

யாருக்காக என்று கேட்காத கதை ஒன்று என்னிடம் இருக்கிறது. இதைச் சொல்லத்தான் வந்தேன் என்றுகூட வைத்துக்கொள்ளலாம்.

நான் அப்போது ஒரு மந்திரவாதியை ஆடிக்கொண்டிருந்தேன். எலும்புக்கூடுகளை எழுப்பி அவற்றைச் சண்டைக்கு அனுப்பிவிட்டுப் பின்னால் நின்று வேடிக்கை பார்க்கிற ரகம். ஒருநாள் ஒரு வில் விழுந்தது. மஞ்சள் எழுத்து, அதாவது அபூர்வச் சாமான். அடையாளம் காணும் சுருளைப் போட்டதும் ஒவ்வொரு வரியாகப் படித்தேன், அடி பலமாக இருந்தது, குறிதவறாமல் தாக்குவதற்கு ஒரு வரி, தீக்கு ஒரு வரி. என் மந்திரவாதிக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனால் நான் என்ன நினைத்தேன்? அடுத்து ஒரு வில்லாளியை உருவாக்குவேன், அவளுக்கு ஆகும். சாமானைச் சேர்த்து வைக்க ஊரில் ஒரு பெட்டி இருக்கும், அதில் வைத்தேன். அப்புறம் வில்லாளிக்கு ஆகும் என்று ஒரு அம்பறாத்தூணி. அவளுக்கு ஆகும் என்று கையுறை, காலணி. பெட்டியில் ஒரு தட்டு முழுக்க, 144 கட்டம், இன்னும் பிறக்காத ஒருத்திக்குச் சீர்வரிசை. என் மந்திரவாதி கிழிசல் பூட்ஸோடு தீயில் செத்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தேவையான காலணி எத்தனை முறை தரையில் விழுந்து, பை நிறைந்திருந்ததால் நான் படிக்காமலே தாண்டிப் போனேனோ, யாருக்குத் தெரியும்.

சில மாதம் கழித்துப் புதிய சீசன் வந்தது. இந்த கேம்களில் சில மாதத்துக்கு ஒரு சீசன் தொடங்கும், எல்லோரும் வெறுங்கையோடு முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். சரி, இந்த முறை வில்லாளிதான் என்று உட்கார்ந்தேன். உற்சாகமாகப் பெட்டியைத் திறந்தால் காலி. பழைய சீசன் சாமான்கள் எல்லாம் நிரந்தர உலகத்துக்குப் போய்விடும், புதிய சீசனுக்குள் ஒரு ஊசியைக்கூடக் கொண்டுவர முடியாது. இது எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும், நானே பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனாலும் கை தானாகப் போய்ப் பெட்டியைத் திறந்தது. மனசு விடவில்லை. அந்த வில்லுக்காகவே நிரந்தர உலகத்தில் இன்னொரு வில்லாளியை உருவாக்கினேன், அந்த வில்லை ஏந்த 60க்கு மேல் லெவல் வேண்டும், மெனக்கெட்டு வளர்த்தேன். வழியில் எங்கேயோ வேறொரு வில் விழுந்தது. மாட்டினேன். ஒருவழியாக லெவல் வந்ததும் பெட்டியிலிருந்து பழைய வில்லை எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கையில் இருப்பதே மேல். பழைய வில்லில் எய்யும் வேகத்துக்கு ஒரு வரிகூட இல்லை. விழுந்த அன்றைக்கே இல்லைதான், வில்லாளி ஆடாதவனுக்கு அதைப் பார்க்கத் தெரியவில்லை, அவ்வளவே. அன்று ராத்திரி அந்தத் தட்டு முழுவதையும் விற்றேன். கிடைத்த சில்லறையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், முதலில் இலக்கு, அப்புறம் பை. இன்றைக்கு ஆடுகிற ஆளுக்கு எடுங்கள்.

சரி, அந்த இலக்கை எப்படி வைப்பது? கதை முடிந்த கையோடு ‘நான் பலசாலி ஆகவேண்டும்’ என்றால் அது இலக்கே கிடையாது, அதை வைத்துக்கொண்டு ஒரு மோதிரத்தைக்கூட எடுக்கவோ விடவோ முடியாது. எண்ணாகச் சொல்லுங்கள். பாத் ஆஃப் எக்ஸைலையே எடுத்துக்கொள்வோம். தீ, குளிர், மின்னல் என்று மூன்று வகைத் தாக்குதல் உண்டு, ஒவ்வொன்றுக்கும் உங்கள் எதிர்ப்பைச் சாதாரணமாக 75 சதவீதம் வரை ஏற்றலாம். கதையில் இரண்டு இடத்தில் 30, 30 என்று மொத்தம் 60ஐக் கேமே பிடுங்கிக்கொள்ளும். கதை முடித்து எண்ட்கேமுக்குள் நுழைகிற பலர் பொத்துப் பொத்தென்று விழுவது இதனால்தான், தங்கள் வாள் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு வாளைத் தேடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். 100 அளவுக்குத் தீ வருகிறது, எதிர்ப்பு 75 என்றால் உங்கள்மேல் படுவது 25. எதிர்ப்பு 50 என்றால் படுவது 50. எதிர்ப்பில் குறைந்தது வெறும் 25 புள்ளி, விழுகிற அடியோ இரண்டு மடங்கு.

இப்போது இலக்கு வந்துவிட்டது அல்லவா? மூன்று எதிர்ப்பும் 75. வந்தவுடனே என்ன ஆகிறது என்று கவனியுங்கள், பை தானாகச் சின்னதாகிறது. மஞ்சள் மோதிரம், பெல்ட், காலணி, இவற்றை எடுத்துப் படிப்பீர்கள், எட்டு கட்டம் அடைக்கிற கோடரியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டீர்கள். மூன்றும் 75 ஆனதும் அடுத்த எண்ணை வையுங்கள், உயிர்ப்புள்ளி இவ்வளவு என்று. ஒரு நேரத்தில் ஒரு எண்தான். சிலர் எடுத்தவுடன் லெவல் 100 என்று கிளம்புவார்கள். அந்த கேமில் எண்ட்கேமில் ஒருமுறை செத்தால், அடுத்த லெவலுக்கு வேண்டிய அனுபவப் புள்ளியில் 10 சதவீதம் போய்விடும். அந்த ஆசை அப்புறம் இருக்கட்டும்.

இதைச் செய்ய ஒரு கருவியும் இருக்கிறது, லூட் ஃபில்டர். வேண்டாத சாமான்களின் பெயரைத் திரையில் காட்டாமல் மறைத்துவிடும். லாஸ்ட் எபாக் என்று 2024இல் முழுதாக வெளியான கேமில் இது உள்ளேயே இருக்கிறது, எந்த வகை வீரனுக்கு, எந்த வரி இருந்தால் காட்டு என்று நீங்களே விதி போடலாம். பாத் ஆஃப் எக்ஸைலில் மற்றவர்கள் எழுதி வைத்ததை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். புதிதாக வருகிறவர்கள் இதைப் போடப் பயப்படுகிறார்கள், நல்லது எதையாவது மறைத்துவிட்டால் என்ன செய்வது என்று. மறைக்கத்தான் செய்யும். நீங்கள் மட்டும் எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறீர்களா என்ன? திரை முழுக்க வெள்ளை எழுத்து கொட்டிக் கிடக்கும்போது நடுவில் கிடக்கிற ஒரு நல்ல மோதிரம் கண்ணில் படவே படாது.

கேம் செய்கிறவர்களுக்கே இது தெரிய நாள் ஆனது. 2012இல் டயப்ளோ மூன்றாம் பாகம் வந்தபோது உள்ளேயே ஒரு ஏலச் சந்தை வைத்தார்கள், அசல் பணத்துக்கே வாங்கலாம் என்ற ஏற்பாடும் வந்தது. அரக்கனை அடிக்க வேண்டியவர்கள் சந்தையில் விலை பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். 2014 மார்ச்சில் கம்பெனியே அதை மூடியது, அதையொட்டி விழுகிற சாமானின் எண்ணிக்கையைக் குறைத்து, நீங்கள் ஆடுகிற வீரனுக்குப் பொருந்துவது அதிகம் விழும்படி மாற்றினார்கள். நான் ஒரு வில்லைக் கட்டிக்கொண்டு அழுது கற்றதைத்தான் அவர்கள் கேமிலேயே எழுதிவிட்டார்கள்.

அடடா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். சாமானைத் திருத்துவது பற்றி ஒரு பக்கம் எழுதி வந்திருந்தேன், போச்சு. வேகமாகச் சொல்கிறேன். சேர்த்து வைக்காதே என்று இவ்வளவு நேரம் கத்தினேன் இல்லையா, சாமானின் வரிகளை மாற்றித் திருத்த உதவுகிற கேயாஸ் ஆர்ப் மாதிரியான உருண்டைகளுக்கு மட்டும் அது பொருந்தாது. அவை ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே கட்டத்தில் அடுக்கி நிற்கும், கதை நடக்கும்போது கையில் இருக்கிற அரைகுறை வாளுக்குச் செலவழிக்காதீர்கள், இரண்டு மணி நேரத்தில் அந்த வாளையே மாற்றிவிடுவீர்கள். அப்புறம் எந்த பாஸை, அதாவது எந்தப் பெரிய அரக்கனை, முதலில் அடிப்பது என்று கேட்பவர்களுக்கு, நேற்று உங்களை யார் கொன்றாரோ அவரை, எதனால் செத்தீர்கள் என்று பார்த்துவிட்டு. சீசன் முடியப் பத்து நாள்தான் இருக்கிறது என்றால் புது இலக்கு வேண்டாம், கையில் இருப்பதையெல்லாம் செலவழித்து ஆடித் தீருங்கள், எப்படியும் கூட வராது. ஒரு விரல் ஆகிவிட்டது. நன்றி, வணக்கம்.