டர்போவே பிரேக் ஆகுது! பிக்கப் டிரக்ல எக்ஸாஸ்ட் பிரேக்கும் அடாப்டிவ் க்ரூஸும் சேர்ந்தா என்ன நடக்கும்?

[திரையில்: மலை இறக்கம், டிரெய்லரோட இறங்குற டீசல் பிக்கப்]

டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்து 10 டன், ரோடு 6 சதவீத இறக்கம், வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். டிரைவரோட கால் பிரேக் மேலயும் இல்ல, ஆக்சிலரேட்டர் மேலயும் இல்ல. ஆனாலும் ஸ்பீடோமீட்டர் முள்ளு 90-ஐ விட்டு நகரல, பிரேக் பேடும் கொதிக்கல. இது எப்படி நடக்குது? வணக்கம் மக்களே, இன்னைக்கு வீடியோ அதைப் பத்திதான், கடைசி வரைக்கும் பாருங்க, ஏன்னா கடைசில சொல்லப் போற மூணு விஷயமும் உயிர் சம்பந்தப்பட்டது.

முதல்ல ஒரு கணக்கு. இந்த இறக்கத்துல பூமி அந்த வண்டிய இழுக்குற இழுப்பு கிட்டத்தட்ட 147 கிலோவாட், அதாவது ஏறக்குறைய 200 குதிரைசக்தி! எதிர்காத்தும் டயர் உருளுறதும் அதுல ஒரு பங்க வாங்கிக்கும், மிச்சத்த கால் பிரேக்லயே பிடிச்சீங்கன்னா அவ்வளவும் சூடா டிஸ்க்லயும் பேட்லயும்தான் இறங்கும். டாட் 3-ங்கற தரத்து பிரேக் ஆயிலுக்கு விதிப்படி இருக்க வேண்டிய குறைஞ்சபட்ச கொதிநிலை புதுசுல 205 டிகிரி செல்சியஸ், ஈரம் உறிஞ்சின ஆயிலுக்கு வெறும் 140. ஆயில் கொதிச்சு குமிழி வந்துட்டா பெடல் அப்படியே தரை வரைக்கும் போகும், வண்டி நிக்காது.

க்ரூஸ் கன்ட்ரோல், அதாவது ஆக்சிலரேட்டர்ல கால் வைக்காமலே வச்ச வேகத்துல வண்டிய ஓட்டுற வசதி, அதோட கதைய சீக்கிரம் முடிச்சுடுறேன். 1958-லயே கிரைஸ்லர் கார்கள்ல வந்துடுச்சு, அதைக் கண்டுபிடிச்ச ரால்ஃப் டீட்டர் சின்ன வயசுலயே பார்வை போன இன்ஜினியர், நினைச்சாலே சிலிர்க்குது. சாதா க்ரூஸ் வேகத்த மட்டும் பிடிக்கும், அடாப்டிவ் க்ரூஸ் முன்னாடி போற வண்டியையும் பாக்கும். பெரும்பாலும் 77 கிகாஹெர்ட்ஸ் ரேடார், முன்பக்கம் பம்பர் இல்ல கிரில் பக்கம் இருக்கும். திரும்பி வர்ற அலைய வச்சு எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம்னு கணக்குப் போடும். இங்க கவனிங்க, அது பிடிச்சு வைக்கிறது மீட்டர் இல்ல, வினாடி. 2 வினாடி இடைவெளின்னா 90-ல போகும்போது 50 மீட்டர், 45-ல போனா 25 மீட்டர்.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. டீசல் இன்ஜின்ல ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா வண்டி சொன்ன பேச்சு கேக்காது, அப்படியே ஓடிட்டே இருக்கும், ஏன் தெரியுமா? பெட்ரோல் இன்ஜின்ல காலை எடுத்ததும் த்ராட்டில் மூடிக்கும், பிஸ்டன் மூச்சுமுட்டி காத்த இழுக்கப் போராடும், அந்தப் போராட்டமே பிரேக்கா வேலை செய்யும். டீசலோ காத்த தாராளமா இழுக்கும், டீசல் தெளிக்கிற அளவ மட்டும்தான் குறைக்கும். "அவ்வளவு பெரிய கம்ப்ரஷன் இருக்கே, அது பிடிக்காதா?"ன்னு கேப்பீங்க. பிடிக்கும்தான், ஆனா அமுக்கின காத்து அடுத்த நொடியே ஸ்பிரிங் மாதிரி பிஸ்டன கீழ தள்ளி, வாங்கின சக்தில பெரும்பங்க திருப்பிக் குடுத்துடும்!

அதனாலதான் எக்ஸாஸ்ட் பிரேக். பழைய முறைல எக்ஸாஸ்ட் பைப்புல, அதாவது புகை வெளிய போற குழாய்ல, ஒரு வால்வ் மூடிக்கும். இப்போ வர்ற பெரிய டீசல் பிக்கப் பலதுல, உதாரணமா கம்மின்ஸ் 6.7 இன்ஜின்ல, வேரியபிள் டர்போவே அந்த வேலைய செய்யுது. டர்போன்னா எக்ஸாஸ்ட் வேகத்துல சுத்தி இன்ஜினுக்குள்ள காத்த அமுக்கித் தள்ளுற விசிறி. டர்போக்குள்ள எக்ஸாஸ்ட் போற வழிய கம்ப்யூட்டர் சுருக்கிடும். வெளிய போக வழியில்லாம அழுத்தம் ஏறும், எக்ஸாஸ்ட வெளிய தள்ள பிஸ்டன் ஒவ்வொரு தடவ மேல வரும்போதும் அந்த அழுத்தத்த எதிர்த்து தள்ளணும், அதுக்கான சக்தி சக்கரத்துல இருந்துதான் வருது. அழுத்தத்த இஷ்டத்துக்கு ஏத்தவும் முடியாது, ரொம்ப ஏறுனா எக்ஸாஸ்ட் வால்வையே ஸ்பிரிங்க மீறி திறந்துடும். யோசிச்சுப் பாருங்க, ஏத்தத்துல பவர் குடுத்த அதே டர்போ இறக்கத்துல பிரேக்! இத விட அழகான இன்ஜினியரிங் நான் பாத்ததில்ல, இதுக்காகவாவது ஒரு லைக் போடுங்க.

இத ஜேக் பிரேக்கோட குழப்பிக்காதீங்க. அது அமுக்கின காத்த உச்சத்துல எக்ஸாஸ்ட் வால்வ திறந்து வெளிய விடுற முறை, அந்தப் படபட சத்தம் அதுதான். 1931-ல கலிஃபோர்னியாவோட கஹோன் பாஸ் மலை இறக்கத்துல, கம்மின்ஸ் இன்ஜின் கம்பெனிய ஆரம்பிச்ச கிளெஸ்ஸி கம்மின்ஸ் ஓட்டிட்டு வந்த டிரக்குக்கு பிரேக் போய், கீழ ரயில்ல மோதாம மயிரிழைல தப்பிச்சார், அந்த பயம்தான் பின்னாடி இந்தக் கண்டுபிடிப்பா வந்துச்சு.

சரி, ரெண்டும் சேர்ந்தா? க்ரூஸ்ல 90 வச்சுட்டு எக்ஸாஸ்ட் பிரேக்க ஆட்டோல போடுங்க. இறக்கத்துல வேகம் ஏறப் பாத்தா டர்போ இறுக்கும், கியர் இறங்கும், இன்ஜின் சத்தம் கூடும், பயப்படாதீங்க, ஆர்பிஎம், அதாவது இன்ஜின் சுத்துற வேகம், ஏறுனாத்தான் பிடிப்பு ஏறும். அப்போ டீசலும் செலவாகாது. முன்னாடி போற வண்டி சட்டுனு மெதுவானா சக்கர பிரேக்கும் சேர்ந்துக்கும். டிரெய்லர் இழுக்குறவங்க இந்த பட்டன ஆஃப்ல வச்சு ஓட்டுறது எனக்கு மனசே ஆகல.

இப்போ அந்த மூணு விஷயம். ஒண்ணு, ஐஸ், பனி, வழுக்குற ரோட்டுல எக்ஸாஸ்ட் பிரேக் வேண்டாம், ஏன்னா அது இன்ஜின் ஓட்டுற சக்கரத்த மட்டும்தான் பிடிக்கும், டூ வீல் டிரைவ்ல பின்சக்கரம் வழுக்குனா டிரக்கும் டிரெய்லரும் மடக்குக் கத்தி மாதிரி மடங்கிடலாம். ரெண்டு, எக்ஸாஸ்ட் பிரேக் மட்டும் பிடிக்கும்போது உங்க வண்டில பிரேக் லைட் எரியுமான்னு மேனுவல்ல பாருங்க, எரியலன்னா பின்னாடி வர்றவருக்கு நீங்க மெதுவாகுறதே தெரியாது. மூணு, ரோட்டுல அசையாம நிக்கிற வண்டிய அடாப்டிவ் க்ரூஸ் கவனிக்காம விட வாய்ப்பிருக்கு. பாலம், போர்டு எல்லாமே ரேடாருக்கு அசையாத பொருள்தான், அதையெல்லாம் பாத்து பிரேக் போடாம இருக்கணும்னு வடிகட்டும்போது நிக்கிற வண்டியும் அதுல அடிபட்டுப் போகலாம். அதனால கண்ணு ரோட்டுலயே இருக்கட்டும், கால் பிரேக் பக்கத்துலயே இருக்கட்டும்.

அடுத்த வீடியோல ஜேக் பிரேக்க முழுசா பிரிச்சுப் பாக்கலாமா? கமெண்ட்ல போடுங்க மக்களே.