கடற்கரையில் எதை அள்ளுவது, எதை விடுவது?

(காட்சி: அலை வந்துபோன ஈர மணல். கரை நெடுக ஒரு கோடு போல ஒதுங்கிக் கிடக்கும் கடற்பாசி.)

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நூறு பேர் கையுறையும் சாக்குமாகக் கடற்கரைக்கு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மணி நேரத்தில் மணல் பளிச்சென்று ஆகிவிடும். சாக்குகளோடு நின்று ஒரு படம், அப்புறம் கலைந்துவிடுவார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் கரைக்குக் கெடுதலும் நடந்திருக்கலாம். எதை அள்ளினார்கள் என்பதைப் போலவே, எதைத் தொடாமல் விட்டார்கள் என்பதும் முக்கியம். இந்த வீடியோ அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான்.

திரையில் தெரியும் இந்தப் பாசிக் கோட்டையே எடுத்துக்கொள்வோம். நீர் எதுவரை ஏறி வந்ததோ அந்த இடத்தில் பாசி, கடல்புல், மரத்துண்டு எல்லாம் ஒதுங்கும். நாறும், ஈ மொய்க்கும். முதல்முறை வருபவர்கள் ஆர்வமாக இதைத்தான் முதலில் வாருவார்கள். அதில் ஒரு பிடியைத் தூக்கிப் பாருங்கள். கீழே நகத்தளவுகூட இல்லாத உயிர்கள் நாலா பக்கமும் தெறித்து ஓடும். இறாலுக்குத் தூரத்து உறவு. பாசியைத் தின்பவை இவை. இவற்றைத் தின்பவை உப்புக்கொத்தி, உள்ளான் மாதிரியான கரைப் பறவைகள். காய்ந்த பாசி, காற்றில் பறக்கும் மணலையும் பிடித்து நிறுத்தும். மணல்மேடு பல இடங்களில் இப்படித்தான் தொடங்குகிறது. ஆக, அதில் சிக்கியிருக்கும் பிளாஸ்டிக்கை விரலால் பிரித்து எடுக்க வேண்டும். பாசி அங்கேயே கிடக்கட்டும். வேலை மெதுவாகத்தான் நடக்கும், வேறு வழியில்லை.

டிராக்டரை விட்டு மணலை வாரிச் சலிக்கும் ஊர்களில் இந்தப் பிரிக்கும் வேலைக்கே இடமில்லை. எல்லாம் மொத்தமாகப் போய்விடும். கலிபோர்னியாவில் இதற்கு ஒரு நல்ல கதை உண்டு.

(காட்சி: நிலா வெளிச்சம். மணலில் துள்ளும் வெள்ளி நிறச் சிறு மீன்கள்.)

அங்கே கிரனியன் என்றொரு மீன். பௌர்ணமி, அமாவாசை கழிந்த இரவுகளில், கடல் நன்றாக ஏறியிருக்கும்போது, அலையோடு கரைக்கே வந்துவிடும். பெண் மீன் வாலை மணலுக்குள் செருகி, நட்டுவைத்ததுபோல் நிமிர்ந்து நின்று முட்டையிடும். ஆண் மீன்கள் அதைச் சுற்றி வளைத்துக்கொள்ளும். அடுத்த அலையில் எல்லாம் கடலுக்குத் திரும்பிவிடும். முட்டைகள் மட்டும் ஈர மணலுக்குள் சுமார் இரண்டு வாரம் இருந்து, அடுத்த பெரிய ஏற்றத்தின்போது பொரிக்கும். அந்த இரண்டு வாரத்துக்குள் டிராக்டர் வந்தால் என்ன ஆகும்?

2002இல் கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில் தன்னார்வலர்கள் இரவு நேரத்தில் கரையில் உட்கார்ந்து, மீன் எங்கே வருகிறது, எத்தனை வருகிறது என்று எழுத ஆரம்பித்தார்கள். அந்தப் பதிவுகளை வைத்துத் துப்புரவு விதியே மாறியது: முட்டைப் பருவத்தில் இயந்திரம், நீர் ஏறும் எல்லைக்கு மேலேதான் ஓட வேண்டும். கவனியுங்கள், இவர்கள் அள்ளிய குப்பை ஒன்றுமில்லை. வேடிக்கை பார்த்து எழுதிவைத்தார்கள், அவ்வளவுதான். என்னைக் கேட்டால், கடற்கரைக்காகச் செய்யப்பட்ட சிறந்த வேலைகளில் இதுவும் ஒன்று.

கரையிலிருந்து இன்னும் கொஞ்சம் மேலே ஏறினால் மணல்மேடு. வெப்பமண்டலக் கரைகளில் அடும்பங்கொடியைப் பார்த்திருப்பீர்கள்: ஆட்டுக் குளம்பு மாதிரி பிளந்த இலை, ஊதாப் பூ. கணுவுக்குக் கணு வேர்விட்டு, பல மீட்டர் ஓடி மணலைப் பிடித்துக்கொள்ளும். இராவணன் மீசைப் புல்லுக்கும் அதே வேலை. உப்பையும் வெயிலையும் தாங்கும் இந்தச் செடிகளால் மிதியைத் தாங்க முடியாது. எல்லோரும் ஒரே தடத்தில் ஏறி இறங்கினால் கொடி அறும், அந்த இடத்தில் காற்று மணலை வாரிக்கொண்டு போகும், மேட்டில் ஒரு வாய் திறக்கும். புயல் நேரத்தில் கடல் உள்ளே புகுவது அந்த வாய் வழியாகத்தான். நாலு கம்பு நட்டு, கயிறு கட்டி, நடக்க ஒரு பாதையை மட்டும் விட்டால் பாதி வேலை முடிந்தது. மீதியைக் கொடியே பார்த்துக்கொள்ளும். ‘புதர் மண்டிக் கிடக்கிறது’ என்று அதை வெட்டிச் சுத்தம் செய்யக் கிளம்புபவர்களைத் தடுப்பதுதான் பெரும்பாடு.

நடுவதிலும் இதே சிக்கல் உண்டு. சுனாமிக்குப் பிறகு இலங்கையில் அலையாத்தி நட்ட 23 இடங்களை ஆய்வாளர்கள் பின்னாளில் போய்ப் பார்த்தார்கள். 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. எந்த இனம் எந்த நீர்மட்டத்தில் வளரும் என்று பார்க்காமல் நட்டது முக்கியக் காரணம். நட்ட பிறகு யாரும் திரும்பிப் பார்க்காதது இன்னொன்று.

சரி, குப்பைக்கு வருவோம்.

(காட்சி: வாய் மேலே பார்த்தபடி மணலில் பாதி புதைந்த பாட்டில்.)

துறவி நண்டுக்குச் சொந்த ஓடு கிடையாது. காலியான சங்கைத் தேடிக் குடியேறும். இப்படி ஒரு பாட்டிலுக்குள் விழுந்துவிட்டால், வழுக்கும் சுவரில் ஏற முடியாமல் உள்ளேயே செத்துப்போகும். செத்த நண்டின் வாடை மற்ற நண்டுகளுக்கு ‘இங்கே ஓடு ஒன்று காலி’ என்ற சேதி. அவையும் வரும், விழும், சாகும். இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகளிலும் பசிபிக்கின் ஹென்டர்சன் தீவிலும் மட்டும் இப்படி ஏறக்குறைய 5.7 லட்சம் நண்டுகள் இறந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். எனவே நேரம் குறைவாக இருந்தால் வாய் மேலே பார்த்த பாட்டில்களையும் டப்பாக்களையும் முதலில் எடுங்கள். சாக்கில் போடும் முன் கவிழ்த்து உதறுங்கள், உள்ளே உயிரோடு யாராவது இருக்கலாம். அப்புறம், அழகான காலிச் சங்குகளை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். யாருக்கோ வீடு அது.

எடுப்பதை எண்ணவும் வேண்டும். 1986இல் டெக்சாஸ் கடற்கரையில் சுமார் 2,800 பேர் குப்பை அள்ளியபோது, ஒவ்வொரு பொருளையும் அட்டையில் குறித்தார்கள். இப்போது ஆண்டுதோறும் செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை உலகம் முழுக்க நடக்கும் கடற்கரைத் துப்புரவு அங்கிருந்து வந்ததுதான். பட்டியலில் பல ஆண்டுகள் முதலிடம் சிகரெட் துண்டுக்கு. அதன் பஞ்சும் ஒருவகை பிளாஸ்டிக் என்பது பலருக்குத் தெரியாது. 2019 கணக்கில் தின்பண்ட உறைகள் அதை முந்தின. ‘பத்து டன் அள்ளினோம்’ என்பதில் பாதி ஈர மணலாகக்கூட இருக்கும். ‘இந்த வகை உறை இத்தனை ஆயிரம்’ என்றால்தான் தயாரிப்பவரிடமும் அதிகாரியிடமும் பேச ஒரு பிடி கிடைக்கும்.

எண்ணெய்க் கசிவு வந்தால் மட்டும் ஆர்வம் போதாது. 2007 டிசம்பரில் தென் கொரியாவின் தேயான் கரையில் ஹெபெய் ஸ்பிரிட் கப்பலிலிருந்து பத்தாயிரம் டன்னுக்கும் மேல் கச்சா எண்ணெய் கொட்டியது. பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் வந்து, பாறைகளையும் கற்களையும் துணியால் துடைத்தார்கள். மலைக்க வைக்கும் உழைப்பு. ஆனால் எண்ணெயின் ஆவி தலைவலி, குமட்டல் எல்லாம் கொடுக்கும். முகமூடி, சரியான கையுறை, வழிகாட்ட ஒருவர் இல்லாமல் இறங்கக் கூடாது. 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பலின் எண்ணெய்க் கசிவின்போது வெந்நீரைப் பீய்ச்சியடித்துக் கழுவிய கரைகளில், எண்ணெய்க்குத் தப்பிய உயிர்களும் வெந்து செத்தன.

கடைசியாக, கிளம்பும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை. கடல் எத்தனை மணிக்கு வற்றும்? சாக்குகளை ஏற்றிப்போக வண்டி எப்போது வரும்? வண்டி மறுநாள்தான் என்றால், பாசிக் கோட்டுக்கு நன்றாக மேலே, ஆனால் கொடிகளின் மேல் படாமல் அடுக்குங்கள். ஊசி, மருந்துப் புட்டி, மூடிய பீப்பாய் தென்பட்டால் கைவைக்காமல், இடத்தை மட்டும் குறித்துக்கொண்டு சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லுங்கள். எண்ணிக்கை அட்டையை அன்று மாலையே அனுப்பிவிடுங்கள்.