கோதவாடியிலிருந்து செவ்வாய் வரை
(எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் பேசியது)

தூறலிலும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, இந்த நூலகத்துக்குத் தன் ஓய்வூதியப் பணத்தில் அலமாரி வாங்கித் தந்த தலைமையாசிரியர் ஐயா அவர்களே, நூலகர் தம்பி அவர்களே, பாயில் இருக்கும் பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

விண்வெளி விஞ்ஞானி மயில்சாமி அண்ணாதுரையின் படிப்பு, பொறியியல், தமிழ் எழுத்து என மூன்றையும் பேசுவேன் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடி அவர் ஊர், தமிழ் வழியில் பள்ளிப்படிப்பு, கோவையில் பொறியியல், 1982இல் இஸ்ரோ. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்களே, அவர் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-1 அப்படித்தான் போனது. 2008 அக்டோபர் 22 அன்று ஏவிய ராக்கெட் அதை ஒரே வீச்சில் நிலாவுக்கு எறியவில்லை; பூமியைச் சுற்றவிட்டு, இன்ஜினை விட்டுவிட்டு எரித்து, சுற்றைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள்.

போன மாதம் ஒரு பள்ளியில், செவ்வாய்க்குப் போன மங்கள்யான் விண்கலத்தைப் பற்றிப் பேசினேன், அதிலும் அவர் பங்கு பெரியது. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "எங்க அப்பா மொபெட்டைப் பத்து நாள் நிறுத்தி வச்சாலே ஸ்டார்ட் ஆகாது, அந்த இன்ஜின் எப்படி ஆச்சு?" என்று கேட்டாள். சிரித்தவர்களைத் திரும்பி முறைத்துவிட்டு உட்காராமல் நின்றாள். அதுதானே கேள்வி! பூமியின் சுற்றை விட்டுக் கிளம்ப 2013 டிசம்பர் 1 அன்று எரித்த பிறகு ஏறக்குறைய 300 நாள் தூங்கிய பெரிய இன்ஜின் அது. முதலில் பயன்படுத்திய எரிபொருள் வழியை அடைத்துவிட்டு, செவ்வாயைச் சுற்றத் தொடங்கும்போது எரிக்க வேறு வழியும் வால்வும் முன்கூட்டியே வைத்திருந்தார்கள். 2014 செப்டம்பர் 22 அன்று நாலே நாலு விநாடி எரித்துப் பார்த்தார்கள், அப்புறம் 24ஆம் தேதி 24 நிமிடம். கைகொடுக்காவிட்டால் சமாளிக்க எட்டுச் சின்ன இன்ஜின்களும் தயாராக இருந்தன. சொல்லி முடித்ததும் அவள் கேட்டாள்: "அப்போ அப்பா வண்டிக்கும் ரெண்டு குழாய் போடலாமா?"

அண்ணாதுரை 'கையருகே நிலா'வைத் தமிழில் எழுதியது இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகத்தான் என்று நான் நம்புகிறேன். தமிழில் சொன்னதால்தான் அவளால் மொபெட்டை நினைத்துப் பார்க்க முடிந்தது. நம் நூலகமோ சனிக்கிழமை நாலு மணிக்கெல்லாம் பூட்டிக்கிடக்கிறது. ஏழு மணி வரை திறந்து வைத்து, வாரம் ஒருமுறை தமிழில் அறிவியல் பேச ஒரு மணி நேரம் கொடுங்கள் என்று ஆறு மாதமாக அலைகிறேன். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும், நானும் விடப்போவதில்லை. மனு வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவைக் கட்டியே வைத்திருக்கிறேன். தலைவர் அம்மா முதல் கையெழுத்தைப் போட்டுத் தந்தால் திங்கட்கிழமை காலையில் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன்.