தகட்டை வெட்டும் முன் கதவைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். பழைய பியட் காரில் துருப்பிடித்த தகட்டை மாற்றுவது பற்றி இன்று பேசுகிறேன். மும்பையில் வளர்ந்தவர்கள் கறுப்பு மஞ்சள் பியட் டாக்சியை மறந்திருக்க முடியாது. குர்லா ஆலையில் தயாரான வண்டி. 1974 முதல் பிரீமியர் பத்மினி என்று பெயர். கடைசி டாக்சி 2003 அக்டோபர் 29 அன்று தார்தேவ் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவானது. டாக்சிகளுக்கான இருபது ஆண்டு வரம்பு முடிந்து 2023இல் அதுவும் தெருவை விட்டுப் போனது. வீட்டு வண்டிகளாகச் சில மிஞ்சியிருக்கின்றன. என் தந்தை மாட்டுங்காவில் ஓட்டிய 1968ஆம் ஆண்டு பியட் என்னிடம் இருக்கிறது.

இந்த வண்டிக்கு லாரியைப் போல அடியில் தனி இரும்புச் சட்டகம் (சேஸிஸ்) கிடையாது. தரை, தூண், கூரை எல்லாம் சேர்ந்த தகட்டுக் கூடுதான் எலும்பு. ஏறும்போது காலால் தாண்டுகிறோமே, கதவுக்குக் கீழே ஒரு படி, அது உள்ளே கூடான பெட்டி. வண்டியின் எடையைத் தாங்குவதில் அதற்குப் பெரிய பங்கு. மழைநீரும் கடற்காற்றின் உப்பும் அங்கே தங்கும். துரு உள்ளிருந்து தின்றுகொண்டு வரும். வெளியே பெயிண்டில் ஒரு கொப்புளம் தெரியும்போது உள்ளே சல்லடையாகியிருக்கும்.

என் வண்டியில் அதுதான் நடந்தது. முதலில் கொடுத்த பட்டறையில் இரண்டு பக்கப் படிகளையும் ஒரே நாளில் வெட்டியெடுத்துவிட்டார்கள். நடுவில் முட்டு இல்லை. வண்டி தொய்ந்தது. தொய்ந்த நிலையிலேயே புதுத் தகட்டைப் பற்றவைத்தார்கள். கதவை மாட்டினால் மேல்மூலை தூணில் உரசுகிறது, கீழே விரல் நுழைகிறது. அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிறகு தாராவியில் ஓர் அண்ணாச்சியைத் தேடிப் போனேன். திருநெல்வேலிக்காரர், வண்டித் தகட்டைத் தட்டிச் சீராக்கும் டிங்கர் வேலையில் முடி நரைத்தவர். கதவை ஒரு முறை மூடித் திறந்தார். “முட்டுக் கொடுக்காமல் சுவரை இடிக்கலாமா தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

போட்டதை எல்லாம் பிரித்தார். அடியில் ஜாக்கி வைத்து மெல்ல உயர்த்தினார். கதவு வாசலுக்குக் குறுக்கே, தூணுக்குத் தூண் இரும்புக் குழாய் பற்றவைத்தார். இனி வாசல் சுருங்காது. கதவுகளை மாட்டியபடியே ஒரு பக்கத்தை மட்டும் வெட்டினார். புதுத் தகட்டைப் பொருத்தி, பொட்டுப் பொட்டாக நாலு இடத்தில் பற்றவைத்தார். பழைய தடித்த ஐந்து ரூபாய்க் காசை எடுத்துக் கதவு இடுக்கில் மேலிருந்து கீழாக ஓட்டினார். எங்காவது சிக்கினால் பொட்டை உடைத்து மறுபடியும் பொருத்துவார். ஒரு பக்கத்துக்கே நான்கு நாள் ஆனது. கதவு ‘டப்’ என்று ஒரே ஓசையில் மூடியபோது அவர் தலையாட்டினார். அதற்கு அப்புறம்தான் மறுபக்கத்தில் கை வைத்தார்.

இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்: கதவு மாட்டியிருக்க வேண்டும், முட்டு இருக்க வேண்டும், ஒரு நேரத்தில் ஒரு பக்கம். தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரே மூச்சில் பற்றவைத்தால் சூட்டில் அப்பளம் போல நெளியும். இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு, நடுவில் ஆறவிட வேண்டும்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் பிரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். தகட்டில் ஒட்டும். ஓட்டையை மறைக்கப் பட்டி (புட்டி) பூசி மெழுகிய இடத்தில் நழுவும். படியிலும் மட்கார்டின் கீழ் ஓரத்திலும் கட்டாயம் வைத்துப் பாருங்கள்.

பெயிண்ட் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். நேரம் முடிவதாகச் சைகை காட்டுகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பற்றவைத்த பெட்டியை மூடிய பிறகு உள்ளே துருத்தடுப்பு மெழுகைப் பீய்ச்ச மறக்காதீர்கள். கதவின் அடியில் நீர் வடியும் சிறு துளைகள் இருக்கும். ஜூன் மாதம் மழை தொடங்கும் முன் ஓர் ஈர்க்குச்சியால் அவற்றைக் குத்திவிடுங்கள். வணக்கம்.